தனியாக ஏற அனுமதி இல்லை

அக்கா, ஒரு நிமிஷம். நீங்க தனியாத்தானே வந்திருக்கீங்க?

தப்பா நினைக்காதீங்க. அரை மணி நேரமா அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்துல நின்னு பார்த்துட்டிருந்தேன். வர்றவங்க எல்லாம் குடும்பம் குடும்பமா வர்றாங்க, இல்லன்னா ஜோடி ஜோடியா வர்றாங்க. நீங்க மட்டும்தான் ஒரு கையில டிக்கெட், ஒரு கையில கடலைப் பொட்டலம்னு உட்கார்ந்து இந்த வெள்ளைக்காரன் காலத்துக் கோபுரத்தையே அண்ணாந்து பார்த்துட்டிருக்கீங்க. யாருக்காகவோ காத்திருக்கீங்கன்னு முதல்ல நினைச்சேன். ஆனா காத்திருக்கிறவங்க பாதையைப் பார்ப்பாங்க, இல்லன்னா போனைப் பார்ப்பாங்க. நீங்க ரெண்டையும் பார்க்கல. அப்புறம் உங்க செருப்பைப் பார்த்தேன். பின்னால வார் வச்ச செருப்பு. ஏறணும்னு முடிவு பண்ணித்தான் வீட்லேருந்து கிளம்பியிருக்கீங்க.

உங்களையும் திருப்பி அனுப்பிட்டாரா, அந்தக் கதவுகிட்ட ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற அங்கமுத்து அண்ணன்? பேர் எப்படித் தெரியும்னா, சட்டையில குத்தியிருக்கார். நான் இங்க வர்றது இது மூணாவது தடவை.

கோபப்படாதீங்க. கீழே டிக்கெட் குடுக்கிற இடத்துல இதைச் சொல்ல மாட்டாங்க. நூத்தி அம்பது படி ஏறி மூச்சு வாங்க இங்க வந்து நின்னப்புறம்தான் அந்தப் போர்டைக் காட்டுவாங்க. 'தனி நபர் கோபுரத்தின் மேல் ஏற அனுமதி இல்லை.' ரெண்டு வருஷத்துக்கு முன்னால யாரோ ஒருத்தர் மேலேருந்து விழுந்துட்டாராம். விழுந்தாரா, குதிச்சாரான்னு தெரியல. கூட ஆள் இல்லாததால கேட்கிறதுக்கும் ஆள் இல்ல. அதுலேருந்து இந்தச் சட்டம். சேர்ந்துதான் ஏறணும், சேர்ந்துதான் இறங்கணும்.

அதான் கேட்கிறேன். நீங்களும் நானும் சேர்ந்து போலாமா? உங்களுக்கும் ஏறணும், எனக்கும் ஏறணும். மேல போனதும் நீங்க உங்க பாட்டுக்குப் பாருங்க, நான் தொந்தரவு பண்ண மாட்டேன்.

ரொம்ப நன்றிக்கா.

இப்பவே விட மாட்டார். உள்ள இருக்கிறவங்க வெளிய வரணும். நாலரைக்குத்தான் அடுத்த கூட்டம், அதுதான் கடைசி. இன்னும் முக்கால் மணி இருக்கு. நானும் உட்காரலாமா? அந்தக் கடலையை மட்டும் பைக்குள்ள வச்சிருங்க. குரங்கு வந்து பிடுங்கும். போன வாரம் ஒரு ஆள் கையிலேருந்து மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிட்டுப் போயிருச்சு. அவர் கீழேருந்து கெஞ்சறார், அது மேல உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்குது. அவர் பொண்டாட்டி, "அதாவது ஒழுங்காப் பார்க்கட்டும் விடுங்க"ன்னாங்க.

நான் இவ்வளவு பேசற ஆளே இல்லக்கா. எங்க கடையில கேட்டுப் பாருங்க, காலையில போனா சாயங்காலம் வரைக்கும் பத்து வார்த்தை பேசினா அதிகம். தெரியாதவங்ககிட்டதான் பேச வருது. அதுவும் இந்த ஒரு மாசமா, ஒரு இடத்துல உட்கார முடியல, எதையாவது செஞ்சுக்கிட்டே இருக்கணும்போல இருக்கு. நேத்து வீட்ல எல்லா டப்பாவையும் இறக்கிக் கழுவி, மறுபடி அதே வரிசையில அடுக்கினேன்.

எதுக்கு மூணு தடவையா? எனக்கு மேலே போய் ஊரைப் பார்க்கணும்னு இல்ல. மூணாவது மாடியில ஒரு சுவர் இருக்கு. அதுல ஒரு பேர் இருக்கு. அந்தப் பேருக்குப் பக்கத்துல இன்னொரு பேர் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

சொல்றேன். ஆனா சிரிக்கக் கூடாது.

நான் டவுன்ல ஒரு அச்சகத்துல வேலை பார்க்கிறேன். பி.எஸ்சி. கணக்கு படிச்சேன், ஆனா பண்றது என்னவோ கல்யாணப் பத்திரிகை டைப். ஒரு நாளைக்கு நாலு ஜோடி, முகூர்த்த மாசம்னா எட்டு ஜோடி. மணமகன் பேர், மணமகள் பேர், நடுவுல ஒரு பூ. ரெண்டு பேரும் ஒரே அளவுல தெரியணும். ஒரு பேர் நீளமா இருந்து இன்னொண்ணு குட்டையா இருந்தா, குட்டைப் பேருக்குப் பக்கத்துல இடம் விட்டு, எழுத்தைக் கொஞ்சம் அகட்டி, சரிக்கட்டணும். எங்க முதலாளி சொல்வார், "தாரணி கை பட்டா எந்த ஜோடியும் பொருந்திரும்." தாரணி நான்தான்.

எனக்கும் நிச்சயம் ஆயிருச்சு. ஆவணி பதினெட்டு கல்யாணம். மாப்பிள்ளை பேர் வேலவேந்தன். ஆமா, நல்ல பேர்தான், எங்கேயும் கேட்டிருக்க மாட்டீங்க. அவங்க அப்பா தமிழ் வாத்தியார், அதான். சொந்த ஊர் முசிறி, வேலை ஓசூர்ல. நல்லவர். ஒரு குறையும் சொல்ல முடியாது. அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் சொல்றதைக் கேட்டு நீங்க அவரைத் தப்பா நினைச்சிடக் கூடாது.

அவங்க வந்து பார்த்துட்டுப் போன மறுநாள் காலையில அம்மா சமையல்கட்டுல கேட்டாங்க, "என்னடி, பையனைப் பிடிச்சிருக்கா?"

"தெரியலம்மா"ன்னேன்.

"தெரியலைன்னா? குடிக்கிறானா? இல்ல. சம்பாத்தியம் இல்லையா? இருக்கு. அக்கா தங்கச்சின்னு பிக்கல் பிடுங்கல்? அதுவும் இல்ல. மூக்கு கோணலா? நான்தான் ரெண்டு பக்கமும் பார்த்தேனே. அப்புறம் என்ன குறைன்னு நீயே சொல்லு."

நான் அடுப்புல உப்புமா கிளறிட்டிருந்தேன். இறக்கற வரைக்கும் யோசிச்சேன்க்கா. உண்மையாவே யோசிச்சேன். ஒண்ணும் கிடைக்கல. அதனால சரின்னேன்.

தினமும் சாயங்காலம் ஆபீஸ் பஸ்ல ஏறினதும் போன் பண்ணுவார். சாப்ட்டியாம்பார். என்ன சாப்ட்டேம்பார். அவர் என்ன சாப்ட்டார்னு சொல்வார். அப்புறம் பிரிட்ஜ். ஒத்தைக் கதவு வாங்கலாமா, ரெட்டைக் கதவு வாங்கலாமான்னு பங்குனியிலேருந்து பேசிட்டிருக்கோம். நல்லவர்தான், கருத்துக் கேட்கிறார் பாருங்க. எத்தனை பேர் கேட்பாங்க? ஒரு தடவை, "நீயே பேச மாட்டேங்கறியே, ஏதாவது சொல்லு"ன்னார். எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. எங்க கடையில நடந்த ஒண்ணைச் சொன்னேன். ஒரு பத்திரிகையில மாப்பிள்ளை பேர் விட்டுப்போச்சு. சித்தப்பா, மாமா, எல்லார் பேரும் இருக்கு, மாப்பிள்ளை பேர் மட்டும் இல்ல. பொண்ணு வீட்ல நாலு பேர் புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்க, ஒருத்தருக்கும் தெரியல. எனக்கு இப்ப நினைச்சாலும் சிரிப்பு வரும். நீங்களே சிரிக்கறீங்க. அவர் சிரிக்கல. அப்புறம், "அப்ப அந்த நஷ்டம் யாருக்கு?"ன்னு கேட்டார்.

நியாயமான கேள்விதானேக்கா. நான் குறையா சொல்லல.

அப்படி இருக்கும்போது, வைகாசியில என் சித்தி பொண்ணு அபிராமி இந்த மலைக்கு வந்துட்டுப் போய் ஸ்டேட்டஸ்ல போட்டோ போட்டா. மூணாவது மாடி ஜன்னல்கிட்ட முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்கறா. அவ முகத்தை நான் பார்க்கல. எனக்கு எழுத்தைப் பார்த்தே பழக்கமாச்சா, பின்னால சுவரைத்தான் பார்த்தேன். சுவர் முழுக்கப் பேர். ஆணி, சாவி, என்ன கிடைச்சதோ அதால கீறி வச்சிருக்காங்க. எல்லாம் ஜோடிப் பேர். நடுவுல இதயம், அம்பு. அபிராமி காதுக்குப் பக்கத்துல 'சு. வேலவேந்தன்'.

அதுக்கப்புறம் அவ தலைமுடி. சுருட்டை முடி வேற. பக்கத்துல என்ன இருக்குன்னு தெரியல.

வேற யாராவது வேலவேந்தனா இருக்கலாமேன்னு நானும் நினைச்சேன். ஆனா நிச்சயத்தன்னைக்கு பத்திரிகைக்காக அவர் கைப்பட ஒரு தாள்ல பேர், படிப்பு, விலாசம் எல்லாம் எழுதிக் குடுத்தார். புள்ளியைப் புள்ளியா வைக்க மாட்டார், சின்ன வட்டமாப் போடுவார். சுவர்லயும் வட்டம். படத்தைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்தேன். அதே வட்டம்.

அபிராமிகிட்ட கேட்கலாம்தான். ஆனா கேட்டா ஏன்னு கேட்பா. அபிராமியை ஒரு தடவை ஏன்னு கேட்க விட்டுட்டா, விளக்கு வைக்கறதுக்குள்ள திருச்சி வரைக்கும் தெரிஞ்சிரும்.

அவர்கிட்டயே சுத்தி வளைச்சுக் கேட்டேன். "சேதிமலைக்குப் போயிருக்கீங்களா?"ன்னு.

"ஒரு தடவை போயிருக்கேன். ஒண்ணுமில்ல அங்க"ன்னார். உடனே, "ரெட்டைக் கதவுன்னா கரண்ட் அதிகம் இழுக்குமாம்"ன்னார்.

பார்த்தீங்களா? ஒண்ணுமில்லாத இடத்துல யாராவது பேர் எழுதி வைப்பாங்களா? பேச்சை மாத்தினார்க்கா. எனக்கு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

இல்ல, எனக்குக் கோபமெல்லாம் இல்ல. கல்யாணத்துக்கு முன்னால ஒருத்தியைப் பிடிச்சிருந்தா அது ஒண்ணும் குத்தம் இல்ல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். வாழப்போறவளுக்குத் தெரியணுமா இல்லையா? சொல்லுங்க.

வீட்ல பொய் சொல்லிட்டுத்தான் வந்தேன். கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்கப் போறேன்னு. பஸ் ஏறி, படி ஏறி, வியர்க்க விறுவிறுக்க வந்து நின்னா, அங்கமுத்து அண்ணன் நோட்டைத் திறந்து, "கூட யாரு?"ன்னார்.

"யாரும் இல்லண்ணா."

"அப்ப கீழ போயி யாரையாச்சும் கூட்டிட்டு வா பாப்பா."

"நான் மூணாவது மாடி வரைக்கும்தான் போகணும். எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். சுவரைப் பார்த்துட்டு வந்துருவேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். யோசிச்சுப் பார்த்தா, சுவரைப் பார்க்க வந்தேன்னு ஒரு பொண்ணு கண் கலங்கிச் சொன்னா யாருக்கும் பயமாத்தான் இருக்கும். "தண்ணி குடிக்கறியா? வீட்டு நம்பர் இருந்தா குடு பாப்பா, பேசுவோம்"னார். நான் ஓட்டமா இறங்கி வந்துட்டேன்.

ரெண்டாவது தடவை புத்தியா வந்தேன். கரூர்லேருந்து வந்த ஒரு குடும்பத்தோட ஒட்டிக்கிட்டேன். புருஷன், பொண்டாட்டி, நாலு வயசுல ஒரு பொண்ணு. அந்த நோட்டுல தலைக்கட்டுக்கு ஒரு பேர்தான் எழுதுவாங்க. மத்தவங்களுக்கு உறவுமுறைதான். மனைவி, மகள், இப்படி. என்னைக் காட்டி, "இது?"ன்னார். அந்த மனுஷர் யோசிக்காம, "கொழுந்தியா"ன்னுட்டார். எழுதிட்டார் அங்கமுத்து அண்ணன்.

அவ்வளவுதான். அந்தம்மா முகம் போன போக்கைப் பார்க்கணுமே. முதல் மாடி வரைக்கும் குழந்தையை இழுத்துக்கிட்டு விடுவிடுன்னு ஏறினாங்க. அப்புறம், "ஏங்க, எனக்குத் தங்கச்சி இருக்கான்னு உங்களுக்குப் பத்து வருஷமாத் தெரியாதா? நான் ஒத்தைப் பொண்ணுன்னுதான கட்டிக்கிட்டீங்க?"ன்னாங்க.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி."

"பேச்சுக்கு அக்கான்னு வரல, அத்தைன்னு வரல. கொழுந்தியான்னுதான் வருது."

ரெண்டாவது மாடியில இவங்க சண்டை, வௌவால் சத்தம், எல்லாத்தையும் கேட்டுக் குழந்தை வீல்னு அழ ஆரம்பிச்சது. ஒரு படி ஏற மாட்டேங்குது. அந்தம்மா இறங்கறேன்னுட்டாங்க. சேர்ந்து போனவங்க சேர்ந்துதானே இறங்கணும்? கொழுந்தியாவும் இறங்கினேன். அங்கேருந்து அண்ணாந்து பார்த்தா மூணாவது மாடி ஜன்னல் வெளிச்சம் தெரியுது. இருபத்தெட்டுப் படி. எண்ணிட்டுத்தான் இறங்கினேன்.

இருங்க, போன்.

"சொல்லும்மா... ஆமா, டெய்லர்கிட்டதான் இருக்கேன்... கை லூசா இருக்குன்னு பிரிக்கிறார்மா... வந்துருவேன்."

அம்மா. மூணாவது தடவையா அளவு குடுக்கப் போறேனா, "அவன் ஜாக்கெட் தைக்கிறானா, வீடு கட்டறானா?"ன்னு கேட்கிறாங்க.

இன்னைக்கு விட்டா முடியாதுக்கா. நாளைக்குக் காலையில எங்க பத்திரிகை அச்சுக்குப் போகுது. என் கல்யாணப் பத்திரிகையை நானே டைப் பண்ணிட்டு, மூணு வாரமாத் திருத்தறேன் திருத்தறேன்னு வச்சிருக்கேன். பூவை மாத்தினேன். பூவுக்குப் பதிலா குத்துவிளக்கு வச்சேன். மறுபடி பூ வச்சேன். ரெண்டு பேரையும் எவ்வளவு சரிக்கட்டினாலும் எனக்கு ஒரு பக்கம் சாஞ்ச மாதிரியே தெரியுது. நேத்து முதலாளி வந்து பின்னால நின்னு பார்த்துட்டு, "இது நல்லாத்தானம்மா இருக்கு, இதுல என்ன குறை?"ன்னார். எல்லாரும் இதையே கேட்கிறாங்க. "நாளைக்குப் பத்து மணிக்கு நான் ஓட்டிருவேன்"னு சொல்லிட்டார். ஆயிரம் பத்திரிகை. அடிச்சுட்டா அடிச்சதுதான்.

பேர் இருந்தா என்ன பண்ணுவேனா?

அதெல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். முதல்ல போட்டோ எடுப்பேன், ரெண்டு எடுப்பேன், கிட்டக்க ஒண்ணு, சுவர் முழுக்கத் தெரியற மாதிரி ஒண்ணு. அம்மாகிட்ட நேராக் காட்ட மாட்டேன், அழுவாங்க. முதல்ல பெரியப்பாகிட்ட. பெரியப்பாவுக்குக் கண்ணு தெரியாது, அதனால பெரியம்மா படிச்சுச் சொல்வாங்க. பெரியம்மா வாய்க்குப் போனா அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. பெரியப்பா முசிறிக்குப் போன் பண்ணுவார். அவங்களும் மரியாதையான குடும்பம், வாக்குவாதம் பண்ண மாட்டாங்க. நிச்சயப் புடவையைத் திருப்பிக் குடுக்கணும். அதைத் துவைச்சு, இஸ்திரி போட்டு, வந்த அதே அட்டைப்பெட்டியில மடிச்சு வச்சிருக்கேன். சும்மாதான், பூச்சி அரிக்கக் கூடாதுன்னு. முதலாளிகிட்ட, வேலைக்குத் தொடர்ந்து வர்றேன்னு சொல்லணும். என் மேஜை ஜன்னல் பக்கம் இருக்கு. அதைப் புதுசா வர்ற பொண்ணுக்குக் குடுக்கறதா இருந்தாங்க. குடுக்க வேண்டாம்னு சொல்லிரலாம்.

இல்லைன்னா?

இல்லைன்னா என்னக்கா. சந்தோஷம்தான். நாளைக்குப் பத்து மணிக்கு அச்சாகிரும்.

அதைப் பத்தி ரொம்ப யோசிக்கல. ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ...சரி, சொல்ல வேண்டாம். சும்மா கேட்டேன்.

மணி அடிக்கிறார். வாங்க, எழுந்திருங்க. பையை முன்னால மாட்டிக்கோங்க. அங்கமுத்து அண்ணன் முன்னாடி நீங்க கொஞ்சம் என் தோள் மேல கை வச்ச மாதிரி வாங்க.

"அண்ணா, இன்னைக்குக் கூட ஆள் இருக்கு."

"பேரு?"

"தாரணி."

"போன வாரம் கொழுந்தியாவா வந்தவதான நீ? இவங்க யாரு?"

"அக்கா."

"நிஜ அக்காவா, கரூர் அக்காவா?"

"நிஜ அக்காதாண்ணா. பாருங்க, மூக்கு ஒரே மாதிரி இருக்கு."

"ம். 'உடன்: அக்கா'. அம்மா, தங்கச்சி கையை விட்றாதீங்க. இருபது நிமிஷம். விசில் அடிச்சா இறங்கிரணும். இன்னைக்கு நான் பஸ்ஸைப் பிடிக்கணும்."

குனிஞ்சு வாங்கக்கா, வாசல் தாழ்வு. படி சுத்திச் சுத்திப் போகும். சுவரைப் பிடிச்சுக்கோங்க. நடுவுல தேய்ஞ்சிருக்கும், ஓரமா மிதிங்க.

கீழே போர்டு படிச்சீங்களா? அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் இங்கேருந்து கொடி காட்டுவானாம். அடுத்த மலையில ஒருத்தன் தூரக்கண்ணாடி வச்சுப் பார்த்து, அதுக்கடுத்த மலைக்குக் காட்டுவானாம். அப்படியே நூறு மைல் தாண்டி சேதி போயிருமாம். மேகம் மறைச்சா அன்னைக்கு சேதி கிடையாது. எனக்கு அதுதான் பிடிச்சிருந்தது. என்னப்பா ஒண்ணும் சொல்லலையேன்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. மேகம்னு சொன்னாப் போதும்.

இது ரெண்டாவது மாடி. இங்கதான் அந்தக் குழந்தை உட்கார்ந்திருச்சு. நீங்க உட்காரணுமா? பரவால்ல, மூச்சு வாங்கிக்கோங்க. எனக்கு நிக்க முடியல, கால் தானாப் போகுது. இருபத்தெட்டுப் படிதான்க்கா. வந்துட்டோம்.

எவ்வளவு பேர் பாருங்க. கூரை வரைக்கும் எழுதியிருக்கான். எப்படி ஏறியிருப்பான்? இதெல்லாம் எங்க கடைக்கு வந்திருந்தா ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கும். இதோ ஜன்னல். அபிராமி இந்தப் பக்கமாத்தான் நின்னா. காது இங்க வருது. அப்படின்னா...

இதோ.

சு. வேலவேந்தன். வட்டம் பாருங்க. அவர்தான். அதுக்குக் கீழே முசிறி. அதுக்குக் கீழே தேதி. பன்னிரண்டு வருஷம் ஆச்சு. பள்ளிக்கூடத்துல படிக்கும்போது வந்திருக்கார். அடியில கோடு வேற போட்டிருக்கார், அளவுகோல் வச்ச மாதிரி நேரா.

பக்கத்துல...

அக்கா, உங்க போன்ல டார்ச் இருக்கா? இங்க அடிங்க. இன்னும் கிட்டக்க. இது எழுத்து இல்லையே, விரிசல். இது? இது வௌவால் எச்சம். இந்த இதயம் பக்கத்து ஆளோடது. குமரேசன், வெண்ணிலா. அது வேற.

ஒண்ணும் இல்ல.

இந்தச் சுவர்லயே தனியா எழுதின பேர் இவர் பேர் மட்டும்தான்.

ஆமாக்கா. நல்ல சேதிதான். ஒண்ணுமில்ல அங்கன்னு சொன்னார், உண்மையாவே ஒண்ணுமில்ல. பொய் சொல்லாத மனுஷர். சந்தோஷம்தான். எல்லாரும் சொன்ன மாதிரி ஒரு குறையும் இல்ல.

அழலக்கா. படி ஏறினதுல கண்ணுல வியர்வை போயிருச்சு.

நீங்க மேல போய்ப் பாருங்க, இன்னும் ஒரு மாடிதான், காத்து நல்லா வரும். நான் இங்கேயே நிக்கறேன். ஓ, சேர்ந்துதான் போகணும்ல. சரி. கொஞ்ச நேரம் நிப்போம்.

இதைப் பாருங்களேன். மத்த இடமெல்லாம் ஒரு விரல் வைக்க இடம் இல்லாம எழுதியிருக்காங்க. இவர் பேருக்குப் பக்கத்துல மட்டும் ஒரு சாண் இடம் அப்படியே காலியாக் கிடக்கு. பன்னிரண்டு வருஷமா ஒருத்தரும் அதுல கை வைக்கல. பத்திரிகையில இப்படி ஒரு பேரை விட்டு வச்சிருந்தா, இன்னொரு பேர் விட்டுப்போச்சுன்னு குழந்தைகூடச் சொல்லும்.

காரை எவ்வளவு மிருதுவா இருக்கு தெரியுமா? நகத்தாலயே கீறலாம்.

இருங்க, துப்பட்டாவுல பின் குத்தியிருக்கேன்.

இல்லக்கா, சும்மா பார்க்கிறேன். கீறினா வெள்ளையாத் தெரியுது, பாருங்க. பழைய எழுத்து கறுத்திருக்கு. ஆனா கொஞ்சம் புழுதியை எடுத்துத் தேய்ச்சா... ஆமா, இப்ப அவ்வளவு தெரியல. போட்டோவுல சுத்தமாத் தெரியாது. அவர் எழுத்து எனக்கு நல்லாவே வரும், அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணுல இருக்கு. புள்ளியை வட்டமா வச்சாப் போதும்.

என்னக்கா?

பிடிக்கலைன்னு சொல்லிடறதா? நான் எப்பக்கா பிடிக்கலைன்னு சொன்னேன்? இவ்வளவு நேரம் பேசினேன், ஒரு தடவையாவது அப்படிச் சொன்னேனா? அவர் மேல எனக்கு என்ன வந்தது? நல்லவர்னுதானே சொல்லிட்டிருக்கேன். பிடிக்கலைன்னு சொன்னா, ஏன்னு கேட்பாங்க. நான் உப்புமா இறக்கற வரைக்கும் யோசிச்சவக்கா. மறுபடி அதே அடுப்புகிட்டப் போய் நின்னு என்னத்தைச் சொல்றது? பிரிட்ஜைச் சொல்றதா? சிரிக்கலைன்னு சொல்றதா? அதையெல்லாம் பெரியம்மா எப்படிப் படிச்சுக் காட்டுவாங்க?

அவருக்கும் இதுல ஒண்ணும் கஷ்டம் வராது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால எழுதினதுதானே, சின்னப் பையன். யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. வேற நல்ல பொண்ணாக் கிடைப்பா, ரெட்டைக் கதவு பிரிட்ஜ் வேணும்னு சொல்ற பொண்ணா.

கையை விடுங்கக்கா. கீழே ஒரு பேச்சுக்குத்தான் கையை விடாதீங்கன்னார்.

என்ன பேர் எழுதறதுன்னுதான் வர மாட்டேங்குது. அபிராமின்னு எழுத முடியாது. வெண்ணிலா பக்கத்துலயே இருக்கு. ஆயிரக்கணக்குல பேர் டைப் பண்ணியிருக்கேன், இப்பப் பார்த்து ஒண்ணு வரமாட்டேங்குது.

விசில் அடிச்சுட்டார். கேட்டீங்களா? "வர்றோம்ணா, ரெண்டே நிமிஷம். அக்காவுக்குக் கால் வலிக்குது."

அக்கா, இவ்வளவு நேரமா உங்க பேரையே கேட்கல பாருங்க. உங்க பேர் என்ன?

சின்னப் பேரா இருந்தா நல்லது. இடம் ஒரு சாண்தான் இருக்கு.